தெற்கே பார்த்து நின்ற கிடா

ஐரோப்பா என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அதனால் ஐரோப்பாவைப் பற்றி நான் அதிகம் பேசப்போவதில்லை. போலந்தில் ஒரு பள்ளியும் ஸ்பெயினில் ஒரு பள்ளியும் என் விண்ணப்பத்தைப் படித்தன. வீடியோவில் என் முகத்தைப் பார்த்தன. பாஸ்போர்ட் எந்த நாடு என்று கேட்டன. அதோடு காணாமல் போய்விட்டன. ஜப்பான்காரர்கள் மரியாதையானவர்கள். ஆங்கிலம் யாருக்குத் தாய்மொழியோ அவர்களை மட்டும்தான் எடுக்கிறோம் என்று, குனிந்து வணங்கிக்கொண்டே கதவைச் சாத்துகிற மாதிரி ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆங்கிலத்தை அம்மா மடியில் படித்தவருக்கு அது எங்கே கடிக்கும் என்று எப்படித் தெரியும்? நான் கடிபட்டுப் படித்தவள். எந்த இடத்தில் பிள்ளைக்குத் தொண்டை அடைக்கும் என்று எனக்குத் தெரியும். இதை அப்படியே எழுதி அனுப்பினேன். ஒரு பிழைகூட இல்லாத ஆங்கிலம். பதில் வரவில்லை.

மிச்சம் இருந்தவை ஓமன், மாலத்தீவு, வியட்நாம். மூன்று இடத்திலிருந்தும் வேலை உறுதி என்று அடுத்தடுத்துத் தகவல் வந்தது. திங்கட்கிழமைக்குள் ஏதாவது ஒன்றுக்குச் சரி என்று சொல்ல வேண்டும்.

அப்போது நான் கோவில்பட்டியில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். ஆங்கிலம் நடத்துவது அங்கே என் வேலையில் பாதி. தாளாளரின் பேத்தி பிறந்தநாளுக்கு வாழ்த்து எழுதுவது, ஆண்டுவிழாவில் மைக்கைப் பிடித்து வராத விருந்தினரைப் புகழ்வது, இதெல்லாம் மீதிப் பாதி. சம்பளத்துக்காக வெளிநாடு போகிறேன் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். ஆசிரியர் அறையில் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. அந்தச் சம்பளம் அவர்களுக்கும் தெரியும்.

ஆனால் உண்மையான காரணம் என் மாமா.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். சவூதியில் ரொம்ப வருஷம் லாரி ஓட்டிவிட்டு ஊருக்கு வந்து ஆட்டு வியாபாரம் பார்க்கிறார். அவர் மகன் ஓமனில் ஏசி பழுதுபார்க்கும் கம்பெனியில் இருக்கிறான். நான் அவனுக்குத்தான் என்று மாமா கல்யாண மண்டபம் கல்யாண மண்டபமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்கு அவன்மீது பகை எதுவும் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகும் நான் வேலைக்குப் போவேன் என்று ஒருமுறை போனில் சொன்னேன். "தாராளமா போ. சாயங்காலம் நான் வீட்டுக்கு வரும்போது டீ ரெடியா இருக்கணும், அவ்வளவுதான்" என்றான். பெரிய மனசு. நான் போனை வைத்துவிட்டேன்.

எங்கள் வீடு புதூர்ப் பக்கம். அப்பாவுக்கு ஆடு உண்டு, மானாவாரியாகக் கொஞ்சம் கரிசல் நிலம் உண்டு. நான் கோவில்பட்டியில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போய், மூன்று நாடுகளின் பெயரையும் சொன்னேன். சொன்ன வேகத்தில் மாமா கடம்பூர் போளிப் பொட்டலத்தோடு வந்து இறங்கிவிட்டார். அம்மாதான் போன் போட்டிருக்க வேண்டும். மாமா போளி வாங்கி வந்தால் எதையோ முடிவு பண்ணிவிட்டார் என்று அர்த்தம்.

"ஏட்டி, கல்ஃபுன்னா கல்ஃபுதான்" என்று ஆரம்பித்தார். "நம்ம ஆளுக இருக்காவ. அரிசி கிடைக்கும், மீன் கிடைக்கும். ஒரு காய்ச்சல் மண்டையடின்னா பாக்க ஆள் இருக்கு."

"மாமா, நீங்க இருந்தது சவூதி. வேலை வந்திருக்கது ஓமன்ல."

"எல்லாம் ஒரே மணல்தாம்ட்டி."

அம்மாவுக்கு மாலத்தீவுதான் பிடித்தது. அதற்கு ஒரே காரணம், தூத்துக்குடியிலிருந்து அங்கே தோணியில் வெங்காயம் போகிறது. அம்மாவுடைய அத்தை மகன் ஒருவர் முன்பு தோணியில் மூட்டை ஏற்றியவர். "வெங்காயம் அழுகாம போய்ச் சேருத ஊருக்கு என் மக போய்ச் சேர மாட்டாளா? அவசரம்னா தோணியப் பிடிச்சாவது வந்துருவா" என்றாள்.

மாலத்தீவில் எனக்கு ஒரு சிக்கல் இருந்தது. என்னோடு வேலை பார்த்த ஒருத்தி ஏற்கனவே அங்கே ஒரு தீவில் பாடம் நடத்துகிறாள். காலையில் நடக்க ஆரம்பித்தால் காபி குடிப்பதற்குள் தீவைச் சுற்றிவிடலாம் என்பாள். அவளோடு இன்னும் நான்கைந்து பேர், எல்லாம் நாகர்கோவில், தூத்துக்குடிப் பக்கம். அங்கே நான் சாயம் போன சுடிதாரைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனால், அவள் அவளுடைய அம்மாவிடம் சொல்லி, அந்த அம்மா கோவில்பட்டி மார்க்கெட்டில் என் அம்மாவிடம் சொல்லி, சாயங்காலத்துக்குள் எனக்குப் போன் வந்துவிடும். நடுக்கடலில் ஒரு புதூர். அதற்கு நான் புதூரிலேயே இருந்துவிடலாமே.

ஓமன் பள்ளியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மூன்றில் சம்பளம் அதிகம் அங்கேதான். வகுப்பில் பிள்ளைகளும் குறைவு. ஒரே குறை, ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில் டீக்காகக் காத்திருக்கும் மாமா மகன்.

வியட்நாம் வேலைதான் இருந்ததிலேயே கூத்து. ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளி விட்ட பிறகு ஆங்கிலம் சொல்லித்தர வேண்டும். ஆட வேண்டும், பாட வேண்டும், மிருகம் மாதிரிக் கத்த வேண்டும். வேலை கொடுக்கும் முன் செய்துகாட்டி வீடியோ அனுப்பச் சொன்னார்கள். பத்தாம் வகுப்புப் பையன்களை ஒரு முறைப்பில் உட்காரவைக்கிற நான், பள்ளி மொட்டைமாடியில் தவளை மாதிரித் தாவினேன். கணக்கு டீச்சர்தான் படம் பிடித்தாள். சிரித்துச் சிரித்துக் கை ஆடி, முதல் வீடியோவில் தவளை வரவில்லை, தண்ணீர்த் தொட்டிதான் வந்தது. திரும்பத் தாவினேன். வேலை கிடைத்தது.

அந்தத் தாவலுக்காக நான் வியட்நாமை விரும்பவில்லை. அங்கே என்னை யாருக்கும் தெரியாது. இன்னாரின் மகள், இன்னாருக்குப் பேசிவைத்த பெண் என்று யாரும் என்னைப் பார்க்கப்போவதில்லை. பிறந்ததிலிருந்து அப்படி ஓர் ஊரில் நான் ஒரு நாள்கூட இருந்தது கிடையாது. இதை வீட்டில் எப்படிச் சொல்வது? "பிள்ளைக நல்லாப் படிக்குமாம்" என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

கடைசியில் அப்பா, "அங்கன மழ உண்டுமா?" என்றார்.

"மாசக்கணக்கா பெய்யும்பா."

"மாசக்கணக்காவா?" எழுந்து போய் ஆடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "ஆடு வளக்காவளா?"

"எருமைதான் நெறைய."

"அந்த மழைக்கு எருமைதான் நிக்கும்" என்று சொல்லிவிட்டு மறுபடி வெளியே போய்விட்டார். அவர் ஆதரிக்கிறாரா எதிர்க்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை.

மாமா போளியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "நாம எதுக்கு மல்லுக்கட்டணும்? நாளைக்கே சாமிகிட்ட கேட்டுருவோம்."

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கோடையில் இங்கே புல் தீய்ந்துவிட்டால் ஆட்டுக் கிடையை வெளியூருக்கு ஓட்டிப் போவார்கள். ஓட்டும் முன் குலசாமி கோயிலில் ஒரு கிடாவுக்கு மாலை போட்டு, போக வேண்டிய திசையைப் பார்க்க நிறுத்தி, முதுகில் தண்ணீர் ஊற்றுவார்கள். கிடா உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்தாயிற்று. சிலுப்பாவிட்டால் அந்தப் பக்கம் போகக் கூடாது. உத்தரவு கிடைத்த பிறகு கிடாவை வெட்டிச் சமைத்துவிடுவார்கள் என்பதால் கிடாவிடம் மறுபடி கேட்க முடியாது.

ஆடு ஓட்டுவதற்குக் கேட்கிற கேள்வியை ஆங்கில டீச்சருக்குக் கேட்கலாமா என்று ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கு வந்தது. சொன்னேன். "சாமிக்கு எல்லாப் பயணமும் ஒண்ணுதாம்ட்டி" என்று மாமா முடித்துவிட்டார்.

மாமா தன் பட்டியிலிருந்து ஒரு கிடாவைக் கொண்டுவருவதாகச் சொன்னார். ஈ உட்கார்ந்தாலே சிலுப்புகிற கிடாவாம். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "என் மகளுக்கு என் கெடாதான் மச்சான்" என்று எங்கள் தொழுவிலிருந்து ஒன்றை அவிழ்த்தார். அந்தக் கிடாவை எனக்குத் தெரியும். கொட்டுகிற மழையில் மற்ற ஆடுகள் தாழ்வாரத்துக்குள் முண்டியடிக்கும்போது அது மட்டும் நடுமுற்றத்தில் அசையாமல் நிற்கும். அது எந்தத் திசைக்கும் சிலுப்பவில்லையென்றால் நான் எங்கேயும் போகப்போவதில்லை. மாமா மகன் ஊருக்கு வந்து என்னைக் கூட்டிப்போவான். அப்பா அதைத்தான் விரும்புகிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோயில் என்பது காட்டுக்குள் நட்டுவைத்த கல், இரண்டு வேல், ஒரு வேப்பமரம். பூசாரி எங்கள் பங்காளி. வாரநாட்களில் மினிபஸ் ஓட்டுகிறவர். காக்கிச் சட்டையைக் கழற்றிவிட்டு வேட்டி கட்டினால் பூசாரி.

"எந்தத் திசைக்குக் கேக்கணும்?" என்றார்.

நான் போனில் வரைபடத்தை எடுத்துக் காட்டினேன். "அண்ணாச்சி, ஓமன் மேற்க. வியட்நாம் கிழக்க. மாலத்தீவு தென்மேற்க."

அவர் போனை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "மேற்கன்னா சங்கரங்கோயில். அங்கன பிளேன் ஏறுதியா?"

"இல்ல."

"கிழக்கன்னா தூத்துக்குடி. அங்கன ஏறுனா வியட்நாம் போவுமா?"

"மெட்ராஸ் போவும்."

"அப்ப படத்த மடக்கி வை. நீ இங்கன இருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறுதியோ, அதுதான் திசை."

மாமாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "நான் சவூதிக்கு ஏறுனது திருவனந்தபுரத்துல. ஓமனுக்கும் அங்கனதான். தெக்க!" என்றார்.

"மாலத்தீவுக்கும் திருவனந்தபுரம்தான்" என்றாள் அம்மா. என்னிடம் கேட்டுத் தெரிந்துவைத்திருந்தாள்.

"வியட்நாமுக்கு?" என்று பூசாரி என்னைப் பார்த்தார்.

"மெட்ராஸ்தான் போகணும்னு நெனைக்கேன்" என்றேன்.

"அப்ப வடக்க. மொதல்ல தெக்க நிறுத்து."

இப்படியாக மூன்று தேசங்கள் இரண்டு பஸ் ரூட்டுக்குள் அடங்கின.

கிடாவைத் தெற்கே பார்க்க நிறுத்தினார்கள். மாமா செம்பில் மஞ்சள்தண்ணீர் எடுத்து முதுகில் ஊற்றினார். கிடா திரும்பித் தன் கழுத்து மாலையில் ஒரு பூவைத் தின்றது. இன்னொரு செம்பு. இன்னொரு பூ. சிலுப்பாதே, சிலுப்பாதே என்று நான் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். சாமியிடம் இதைக் கேட்க வந்ததே மடத்தனம் என்று திட்டிக்கொண்டே வந்தவள் நான்தான். மாமா செம்பை மெல்லக் கிடாவின் காதுப்பக்கம் கொண்டுபோனார்.

"காதுல ஊத்துனா செல்லாது" என்றார் பூசாரி. "காதுல ஊத்துனா நீயும்தான் சிலுப்புவ."

"கை தவறிருச்சு."

"கைய ஒழுங்கா வையி."

தெற்கு இல்லை என்று முடிவாயிற்று. வடக்கே திருப்பினார்கள். இந்தமுறை பூசாரியே ஊற்றினார். கிடா கண்ணை மூடிக்கொண்டது. சிலுப்பு, ஒரே ஒரு தடவை சிலுப்பித் தொலை என்று எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அது அசையவில்லை. தண்ணீர் வயிற்றில் வழிந்து சொட்டி, காலடியில் கரிசல் குழைந்தது. எனக்கு அந்தக் கிடாமீது வந்த கோபம் ஜப்பான்காரர்கள்மீதுகூட வந்ததில்லை.

"ரெண்டு பக்கமும் உத்தரவு இல்ல" என்றார் பூசாரி. "பொண்ணு இங்கனயே இருக்கட்டும்."

மாமா அதற்கும் தயாராக இருந்தார். "சாமி சொன்னா சரிதான். பையனுக்கு லீவு சொல்லி வரச்சொல்லுதேன்" என்று சட்டைப்பையில் கையை விட்டார். அவர் போனை எடுப்பதற்குள் அப்பா கயிற்றைச் சுண்டினார். வீட்டுக்குக் கூட்டிப்போகத் திருப்பினார், வேறொன்றுமில்லை. கிடா ஓரடி எடுத்துவைத்தது, தெற்கே பார்த்து நின்றது, மூக்கிலிருந்து வால்வரைக்கும் ஒரு சிலுப்புச் சிலுப்பியது. பூசாரியின் முகம், மாமாவின் சட்டை, என் போன், எல்லாம் மஞ்சள்தண்ணீர்.

கூட வந்திருந்த சொந்தக்காரப் பெண்கள் குலவை போட்டார்கள். "தெக்க உத்தரவாயிருச்சு!" என்று பூசாரி முகத்தைத் துடைத்தார். கிடாவின் கதை அதோடு முடிந்தது. சண்டை அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

"நான் மனசுல ஓமன நெனச்சுத்தான் தண்ணி ஊத்துனேன்" என்றார் மாமா.

"நீ ஊத்துன தண்ணிக்கு அது பூவத் தின்னுக்கிட்டு இருந்துச்சு. நான் கும்பிட்டப்பத்தான் சிலுப்புச்சு. மாலத்தீவுதான்ணே" என்றாள் அம்மா.

"வெங்காயம் போற ஊருக்கு என் மருமகள அனுப்ப மாட்டேன்."

"ஒனக்கு இன்னும் மருமக ஆகலண்ணே."

இருவரும் பூசாரியைப் பார்த்தார்கள். அவர் வேப்பமர நிழலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். "திருநவேலி வரைக்கும் ரெண்டும் ஒரே பஸ்ஸுதான். அதுக்கு மேல சாமிகிட்ட கேக்கக் கூடாது" என்றார்.

வியட்நாம் என்ற பெயரை அதற்குப் பிறகு யாரும் சொல்லவே இல்லை. கறி வெந்துகொண்டிருந்தது. இரண்டு நாட்டுக்காரர்களும் கத்திக்கொண்டிருந்தார்கள். எந்த நாடானாலும் போகப்போகிறவள் நான் ஒருத்திதான், ஆனால் என்னை ஒருவரும் பார்க்கவில்லை. அங்கே பக்கத்தில் இருந்த மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் படியில் ஏறினால்தான் போனில் சிக்னல் வரும். ஏறினேன். திரையில் இருந்த மஞ்சளைத் துடைத்தேன். வியட்நாமுக்குச் சரி என்று அடித்து அனுப்பினேன். ஓமனுக்கும் மாலத்தீவுக்கும் நன்றி சொன்னேன். இறங்கி வந்து இலையில் உட்கார்ந்து, "வியட்நாமுக்குச் சரின்னு போட்டாச்சு" என்றேன்.

மாமாவின் கையில் இருந்த எலும்பு பாதி வழியில் நின்றது.

"சாமி வாக்க மீறுதியாட்டி?" என்று அம்மா எழுந்துவிட்டாள்.

"சாமி 'போ'ன்னு சொல்லிருச்சு. பஸ் ரூட்டு போடுதது சாமி வேலை இல்ல."

"அப்ப என் மகன் என்ன செய்வான்?" என்றார் மாமா. அன்றைக்கு முழுக்க அவர் சொன்னதில் இது ஒன்றுதான் நேர்மையான பேச்சு.

"அவனே டீ போட்டுக் குடிப்பான்" என்றேன்.

பூசாரிக்குப் புரை ஏறியது. அப்பா கறியை என் இலைக்குத் தள்ளிவிட்டு, "சாப்பிடு" என்றார். மாமா கை கழுவப் போய்விட்டார். அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். சாமி குற்றம் வந்துவிடும் என்று அக்கம்பக்கத்திலெல்லாம் அழுதாளாம். நான் கோவில்பட்டிக்கு வந்து பள்ளியில் ராஜினாமா கொடுத்தேன். தாளாளர், தன் பேத்திக்கு அந்த வருஷ வாழ்த்தையும் எழுதிவிட்டுப் போகச் சொன்னார். முடியாது என்றேன். வெளிநாடு போவதில் அதுவரை எனக்குக் கிடைத்த பெரிய சுகம் அதுதான்.

அம்மா பேசாமலேதான் இருந்தாள், விமான டிக்கெட் வரும்வரை. அந்தப் பள்ளிக்காரர்களே எடுத்து போனுக்கு அனுப்பியிருந்தார்கள். ஊருக்குப் போயிருந்தபோது வந்தது. திறந்து பார்த்தேன். முதலில் எனக்கே புரியவில்லை. பிறகு சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

திருவனந்தபுரத்திலிருந்து கோலாலம்பூர். அங்கிருந்து வியட்நாம்.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் படித்துக்காட்டினேன். "திருவனந்தபுரமா? நல்லாப் பாத்தியா?" என்றாள். கரண்டியைப் போட்டுவிட்டு, கல் நட்டிருக்கிற பக்கம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு, "எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். என் அம்மா அப்படிப்பட்டவள்.

மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினோம். மனுஷன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரு எடுத்த டிக்கெட்டு?"

"வியட்நாம்காரங்க எடுத்தது மாமா."

"அவியளுக்கு நம்ம சாமியத் தெரியுமா?"

"தெரியாது."

"பொறவு எப்படித் தெக்க போட்டாவ?"

"அதுதான் மலிவா இருந்திருக்கும்."

மாமா போனை என்னிடம் நீட்டினார். "அந்தக் கெடா வியாபாரத்துக்கு ஆகாதுன்னு நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார். அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் நான் ரயிலேறிய அன்று கோவில்பட்டி ஸ்டேஷனுக்குப் போளியோடு வந்தார். சாமியை மீறிப் பேச மாமாவால் முடியாது. மகனுக்கு வேறு பெண் பார்க்க ஆரம்பித்திருந்தார். அப்பா என் கையில் ஒரு குடையைக் கொடுத்தார். எங்கள் வீட்டில் அதுவரை குடை இருந்து நான் பார்த்ததில்லை.

இங்கே வந்து இரண்டாவது மழைக்காலம் நடக்கிறது. தினமும் சாயங்காலம் தவளையாகத் தாவுகிறேன். பிள்ளைகளுக்கு என் உச்சரிப்பில் ஒரு குறையும் தெரியவில்லை. நான் யார் மகள் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. ஒப்பந்தம் முடியப்போகிறது. கம்போடியா, ஜார்ஜியா, எத்தியோப்பியா என்று விண்ணப்பம் போட்டிருக்கிறேன். இதை அம்மாவிடம் போனில் சொன்னேன். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"ஒரு கெடா நேந்து விட்டிருக்கேன்" என்றாள் குரலைத் தாழ்த்தி. "மாமாகிட்ட சொல்லிராத. இந்தத் தடவ ஒனக்குப் பிடிச்ச ஊருக்கு மொதல்ல டிக்கெட்ட எடுத்துட்டு, எங்கன ஏறுதன்னு எனக்கு மட்டும் சொல்லு. கெடாவ எந்தப் பக்கம் நிறுத்தணும்னு நான் பாத்துக்கிடுதேன்."